தேய்மானக் கணக்கு

டை கட்டிய ஆள் எங்கள் தெருவுக்குள் நுழைந்தால், ஒன்று, புதிதாக மாற்றலாகி வந்த பேங்க் மேனேஜராக இருக்கும். இல்லாவிட்டால், வாக்குவம் கிளீனர் விற்க வந்தவராக இருக்கும். வேறு யாரும் குமாரபாளையம் வெயிலில் டை கட்ட மாட்டார்கள்!

எண்பதுகளின் கடைசி அது. அப்போது நாங்கள் சேலம் மாவட்டம். நாமக்கல் தனி மாவட்டமானது 1997-ல்தான். முன்கட்டில் தறி, பின்கட்டில் குடித்தனம் என்று இருந்த வீடு எங்களுடையது. நூலிலிருந்து கிளம்பும் பஞ்சுத் தூசி சாமி படம், டி.வி. மூடி, மூடாத சோறு என்று பாரபட்சமில்லாமல் படியும். அம்மா தினமும் மூன்று வேளை கூட்டுவாள். கூட்டி நிமிர்வதற்குள் அடுத்த படலம் இறங்கிவிடும்.

1982-ல் ஸ்வீடனின் எலெக்ட்ரோலக்ஸோடு கூட்டுச் சேர்ந்து ஆரம்பித்த யுரேகா ஃபோர்ப்ஸ், ‘யூரோகிளீன்’ மிஷினைக் கடையில் வைத்து விற்காமல், வீடு வீடாக ஆளனுப்பி விற்றது. அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்த டெமோ ஒரு இலவச மேஜிக் ஷோ. வந்தவர், அம்மா அப்போதுதான் உதறி விரித்த பவானி ஜமுக்காளத்தைக் காட்டி, “இது சுத்தமா இருக்குதுங்களா மேடம்?” என்பார். குழாய் வாயில் ஒரு வெள்ளைத் துணியைச் செருகி, ‘ஊ...’ என்று ஓட்டுவார். துணியை எடுத்துக் காட்டினால், நடுவில் ரூபாய் அகலத்துக்கு ஒரு சாம்பல் வட்டம்.

“தெனம் மூணு வேளை கூட்டறனுங்க தம்பி...” என்ற அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. அவர் விற்றது மிஷினை மட்டுமல்ல என்று இப்போது புரிகிறது.

இந்தத் துணி வித்தைக்கு வயது நூறுக்கு மேல். 1901-ல் ஹியூபர்ட் செசில் பூத் என்ற லண்டன் இன்ஜினீயர், ஹோட்டல் நாற்காலியில் கைக்குட்டையை வைத்து, வாயாலேயே உறிஞ்சிப் பார்த்தார். இருமல்தான் வந்தது. ஆனால், கைக்குட்டையில் பதிந்த அழுக்கைப் பார்த்ததும் வழி பிடிபட்டுவிட்டது. அவர் செய்த மிஷினைக் குதிரைகள் இழுத்து வரும். தெருவில் நிறுத்தி, ஜன்னல் வழியாகக் குழாயை விட்டு உறிஞ்சுவார்கள்.

அதைக் கைக்கு அடக்கமாக்கியவர் அமெரிக்காவின் ஜேம்ஸ் முர்ரே ஸ்பேங்ளர். ஒஹையோ மாகாணம் கேன்டனில், ஒரு கடையில் துப்புரவு வேலை. ஆஸ்துமாக்காரர். கூட்டினால் இழுப்பு, கூட்டாவிட்டால் வேலை போய்விடும். மின்விசிறி மோட்டார், துடைப்பக் கட்டை, தலையணை உறை... இவற்றை இணைத்து 1907-ல் ஒரு மிஷின் செய்தார். மறு வருஷம் வாங்கிய காப்புரிமையை ஹூவர் குடும்பத்துக்கு விற்றார். மிஷினுக்குப் பேர் ஹூவர் என்றே ஆகிப்போனது!

எங்கள் வீட்டுக்கும் தவணையில் ஒரு மிஷின் வந்தது. சிவப்பு நிறம், வயிற்றில் துணிப் பை, யானைத் தும்பிக்கை மாதிரி குழாய். ஸ்விட்ச் போட்டால் டியூப்லைட் ஒரு முறை கண் சிமிட்டும். சூடான மோட்டாரும் பழந்தூசியும் கலந்த அந்த வாசனை எனக்கு இன்னும் மூக்கிலேயே இருக்கிறது.

அதைவிட மறக்க முடியாத அதிசயம் ஒன்று உண்டு. துடைப்பத்தைக் கையால்கூடத் தொடாத அப்பா, ஞாயிற்றுக்கிழமை லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மிஷினைத் தள்ள ஆரம்பித்தார்! நான் துடைப்பத்தை எடுத்தால், “ஆம்பளப் புள்ளைக்கு என்னடா வெளக்கமாறு?” என்று அதட்டுகிற அப்பத்தா, மிஷினைத் தொட்டால், “பாத்து கண்ணு, கரென்ட்டு” என்பாள். அதே தூசி, அதே தரைதான். கரென்ட் சேர்ந்ததும் அது ஆம்பளை வேலை ஆகிவிட்டது.

ஒன்பது வருஷம் ஓடியது. கார்பன் பிரஷ் தேய்ந்து, மாற்றி, மறுபடி தேய்ந்து, ஒரு நாள் மோட்டார் நின்றேபோனது. அதை அப்பா பரணில் ஏற்றினார். அடுத்த ஞாயிறு யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா குனிந்து கூட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டோம்.

பி.காம். படிக்கும்போது தேய்மானம் என்று ஒரு பாடம். மிஷினின் விலை, ஆயுள், கடைசியில் கழிவு மதிப்பு... வருஷா வருஷம் கழித்து எழுத வேண்டும். நேர்கோட்டு முறை, குறைந்து செல் மதிப்பு முறை என்று முறைகள் வேறு. நன்றாகவே மார்க் வாங்கினேன். எங்கள் மிஷினையும் அந்தக் கணக்குப்படியே பழைய இரும்புக்காரர் எடைக்கு எடுத்துப்போனார்.

அம்மாவின் வலது தோள் இப்போது காதுக்கு மேலே ஏறுவதில்லை. தலை வாரிவிட ஆள் வேண்டும். அறுபது வருஷம் கூட்டிய கை அது. அதற்கு எந்த லெட்ஜரிலும் பத்தி ஒதுக்கவில்லை.

போன பொங்கலுக்கு, தானாகவே ஓடிக் கூட்டுகிற ரோபோ ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். வட்டமாக, தட்டு மாதிரி இருக்கும். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு அம்மா கேட்டாள்: “இது மூலைக்குப் போகுமா கண்ணு?”

போகாது. வட்டமான மிஷினுக்கு மூலை எட்டாது. மூலையை மட்டும் நான் கூட்டினேன். துடைப்பத்தால்தான்.