மூன்றாவது சுற்று

போன வாரம் என்னோடு பொன்மலையில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் போன் செய்தார். வெறும் வயிற்றில் சுகர் 210 இருக்கிறதாம். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, நடக்கச் சொல்லிவிட்டாராம்.

"நாளையிலேர்ந்து தினம் ஒன்றரை மணி நேரம். வெறும் வயித்துல நடந்தாதான் சுகர் கரையுமாமே? ஒரு மாசத்துல இறக்கிக் காட்டறேன் பாருங்க" என்றார். குரலில் அப்படி ஒரு உற்சாகம்.

"கொஞ்சம் பொறுங்க, அவசரப்படாதீங்க" என்றேன்.

அவருக்கு ஆச்சரியம். வாக்கிங் போகச் சொல்லி எல்லோரையும் பிடுங்கி எடுக்கிற ஆள் நான். நானே பொறுங்கள் என்றால்? காரணத்தை அன்றைக்குத்தான் அவரிடம் சொன்னேன். அதையே இங்கேயும் எழுதுகிறேன். இதுவரை வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொன்னதில்லை.

எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது 2005-ல், 51 வயதில். அப்போது பொன்மலை ரயில்வே பணிமனையில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்தேன். சங்கு ஊதுவதற்குள் சைக்கிளை மிதித்துப் போய்ச் சேருவதும், நாள் முழுக்க ரேக்குகளுக்கு நடுவே நடப்பதும்தான் எனக்குத் தெரிந்த உடற்பயிற்சி. அதுவே போதுமானதாக இருந்தது. 2014-ல் ஓய்வு பெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்து ஸ்ரீரங்கத்துக்குக் குடி வந்தோம். சைக்கிள் போயிற்று. ஈஸி சேர் வந்தது. கூடவே சுகரும் ஏறியது.

2018 கடைசியில் மூன்று மாதச் சராசரி பார்த்தபோது 9.1. டாக்டரம்மா என் பெண் வயது இருப்பார். கிளிமிபிரைடு மாத்திரையின் அளவைக் கூட்டினார். "காலை டிபனுக்கு முன்னாடி இதைப் போடுங்க சார். தினம் அரை மணி நேரம் நடங்க. ரெண்டு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்" என்றார்.

நான் காதில் வாங்கியது 'நடங்க' என்ற ஒரு வார்த்தையைத்தான்.

எனக்கு ஒரு குணம் உண்டு. ஒன்றைச் செய்தால் வெறியாகச் செய்வது. இரவு நான்கு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் ஒரு சப்பாத்திக்கு இறங்கினேன். காலையில் சித்திரை வீதியைச் சுற்ற ஆரம்பித்தேன். நாலு வீதியும் சுற்றி வர எனக்கு அரை மணி நேரம் ஆகும். ஒரு சுற்று போதும் என்பதுதான் டாக்டர் கணக்கு. நான் இரண்டாக்கி, பிறகு மூன்றாக்கினேன். பெருமாளைச் சுற்றுகிற வீதியாயிற்றே என்று செருப்பும் போடுவதில்லை. மாத்திரை மறந்துவிடக் கூடாது என்று, காலை ஐந்து மணிக்கே எழுந்ததும் தண்ணீர் குடித்து விழுங்கிவிட்டுக் கிளம்புவேன். டிபன் எட்டு மணிக்கு.

என்ன தவறு என்று சர்க்கரைக்காரர்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். எனக்கு அப்போது தெரியவில்லை. வாக்கிங் நண்பர்கள் "சார், மூணு சுத்தா!" என்று கேட்கும்போது நெஞ்சு நிமிரும். எனக்குச் சர்க்கரை இருப்பதை அவர்களில் ஒருவரிடமும் சொல்லவில்லை. "ஓய்வு பெற்றாலும் எப்படி உடம்பை வைத்திருக்கிறார் பார்" என்று அவர்கள் நினைப்பதில் ஒரு சுகம்.

அது 2019 ஜனவரி, மார்கழிக் கடைசி. நல்ல பனி. இரண்டு சுற்று முடிந்ததும் நண்பர்கள் காபி குடிக்க நின்றுவிட்டார்கள். "போதும் சார், வாங்க" என்று ஒருவர் கையைப் பிடித்தார். எனக்கு ஏனோ சுள்ளென்று கோபம் வந்தது. "உங்க வேலையைப் பாருங்க" என்று கையை உதறிவிட்டுப் போனேன். அவர் திகைத்துப்போய் நின்றது நினைவிருக்கிறது. அந்தக் கோபமே சுகர் இறங்குவதன் அடையாளம் என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன்.

கீழச் சித்திரை வீதிக்கு வந்தபோது சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. மார்கழிப் பனியில் வியர்வை! கை விரல்கள் நடுங்கின. எதிர்வீட்டுக் கோலம் இரண்டாகத் தெரிந்தது. வீட்டுக்கு வலப்பக்கம் போவதா இடப்பக்கம் போவதா என்று யோசித்தேன், விளங்கவில்லை. ஒரு வீட்டுப் படியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேனா, விழுந்தேனா என்று இன்றைக்கும் தெரியாது.

இரண்டு பையன்கள் கடந்து போனார்கள். "பெருசு காலங்காத்தாலயே ஏத்திட்டு வந்திருக்கு பார்றா" என்றான் ஒருவன். அது மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. பதில் சொல்ல நாக்கு எழவில்லை. வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை நான்.

அப்போது எதிரே பூக்கூடையை இறக்கி வைத்துக்கொண்டிருந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தது. "ஐயா, சர்க்கரைக்கு மாத்திரை போடுறீங்களா?" என்று கேட்டது. தலையை ஆட்டினேன். "முழுங்க முடியுமா?" அதற்கும் ஆட்டினேன். டீக்கடையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீரில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கலக்கிக் கொண்டுவந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் கோலம் ஒன்றானது.

"எங்கம்மாவுக்கும் இப்படித்தான் வரும். மாத்திரையைப் போட்டுட்டு சாப்பிடாம வயலுக்குப் போயிரும்" என்றது அந்த அம்மா. "வீட்டுல யாருக்காவது போன் பண்ணவா?"

என்னிடம் போனும் இல்லை. பெயர், விலாசம் எழுதிய ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. "வேண்டாம்மா. வீட்டுல சொல்லிடாதே" என்றேன்.

"நான் சொல்லலைங்கய்யா. நீங்க சொல்லுங்க" என்றது.

நான் சொல்லவில்லை. அதுதான் நடந்ததிலேயே பெரிய தவறு. மறுநாளும் மாத்திரை போட்டுக்கொண்டு நடக்கப் போனேன். மூன்றாவது சுற்றை விட்டுவிட்டேன், அவ்வளவுதான். நான்காம் நாள் அந்தப் பூக்கார அம்மா எங்கள் தெருவுக்கு வந்தபோது, "ஐயாவுக்கு இப்ப தேவலையா?" என்று கேட்டிருக்கிறது. என் மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டு உள்ளே வந்தாள். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. எதிரே உட்கார்ந்து, "நீங்க ரோட்டுல விழுந்து கிடந்தா, இன்னாருன்னு யாருக்குத் தெரியும்? எனக்கு யாரு வந்து சொல்லுவா?" என்று மட்டும் கேட்டாள். நாற்பது வருடத்தில் அவள் என்னிடம் அப்படி ஒரு குரலில் பேசியதில்லை.

அன்று மாலையே டாக்டரிடம் போனோம். நடந்ததை மனைவிதான் சொன்னாள். டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். என் புத்திக்கு அதை ஸ்டோர்ஸ் கணக்காக மாற்றிக்கொண்டால்தான் புரிந்தது. இரவு சாப்பாட்டைக் குறைத்தேன், ஆக வரவு குறைவு. நடக்கும்போது தசைகள் ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும், நடந்து முடித்துப் பல மணி நேரம் வரைகூட எடுக்கும். ஆக செலவு அதிகம். இதற்கு மேல் கிளிமிபிரைடு இருக்கிறது. அது கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மாத்திரை. சாப்பாடு வந்ததா, வரவில்லையா என்று பார்க்காது. மூன்றும் சேர்ந்தால் இருப்பு சுத்தமாகக் காலி.

"மெட்பார்மின் மட்டும் போடறவங்களுக்கு இப்படி இறங்கறது அபூர்வம் சார். உங்க மாதிரி மாத்திரை போடறவங்களும், இன்சுலின் போடறவங்களும்தான் ஜாக்கிரதையா இருக்கணும்" என்றார்.

பாஸ்டனில் எலியட் ஜாஸ்லின் என்று ஒரு பெரிய டாக்டர் இருந்தார். உணவு, இன்சுலின், உடற்பயிற்சி இந்த மூன்றையும் ஒரு தேரில் பூட்டிய மூன்று குதிரைகளாகச் சொல்வாராம். நான் மூன்று குதிரைகளையும் ஒரே நாளில் சாட்டையால் அடித்துவிட்டு, தேர் ஏன் குடை சாய்ந்தது என்று கேட்டவன்.

டாக்டர் அன்றைக்குச் சொன்னதையும், அதற்குப் பிறகு நான் கடைப்பிடிப்பதையும் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் மாத்திரை வேறு, உடம்பு வேறு. உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

மாத்திரை இப்போது டிபன் தட்டு முன்னால் வந்த பிறகுதான். நடை பெரும்பாலும் டிபனுக்குப் பிறகும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும், பத்துப் பதினைந்து நிமிடமாகப் பிரித்து. சாப்பிட்டதும் ஏறுகிற சுகரை அது நன்றாகவே பிடித்து வைக்கிறது. வாரத்துக்கு 150 நிமிடம் வந்தால் போதும், ஆனால் தொடர்ந்து இரண்டு நாள் விடக் கூடாது என்பது டாக்டர் கணக்கு. பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் வேகத்துக்கு அளவு. வாரத்தில் இரண்டு மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருப்பது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது என்று தசைக்கும் வேலை கொடுக்கிறேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு எதையும் தூக்குவதில்லை. கண்ணில் சர்க்கரைப் பாதிப்பு இருப்பவர்கள் கனமான எடை தூக்கும் முன் கண் டாக்டரையும் கேட்க வேண்டுமாம்.

காலையில் கிளம்புமுன் மிஷினில் ஒரு சொட்டு ரத்தம் பார்ப்பேன். 100-க்குக் கீழே இருந்தால் வாழைப்பழமோ இரண்டு பிஸ்கட்டோ சாப்பிட்டுவிட்டுத்தான் போவேன். 250-க்கு மேல் இருந்து, தாகம், குமட்டல் என்று உடம்பும் சரியில்லை என்றால் அன்றைக்கு நடை கிடையாது, டாக்டருக்குப் போன். சட்டைப் பையில் சர்க்கரைப் பொட்டலம், போன், பெயரும் மாத்திரை விவரமும் வீட்டு நம்பரும் எழுதிய அட்டை. நடுக்கமோ வியர்வையோ வந்தால் உடனே உட்கார வேண்டும். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. பிறகு ஏதாவது சாப்பிட வேண்டும். சாக்லேட் உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும். நடக்கும்போது நெஞ்சு இறுக்கமோ, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்போ வந்தால் நின்றுவிட வேண்டும், 'சரியாகிவிடும்' என்று நடக்கவே கூடாது.

கடைசியாகக் கால். அன்று டாக்டர் ஒரு நைலான் இழையால் என் பாதத்தில் பத்து இடத்தில் தொட்டு, "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு பதில் சொன்னேன். இரண்டு இடத்தில் அவர் தொட்டதே எனக்குத் தெரியவில்லை. வலது குதிகாலில் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு ஏறியிருந்தது. எத்தனை நாளாக என்று தெரியாது. வலித்தால்தானே தெரியும்? "பெருமாளைச் சுத்துங்க, ஷூ போட்டுக்கிட்டுச் சுத்துங்க. அவர் கோவிச்சுக்க மாட்டார்" என்றார். அன்றிலிருந்து காட்டன் சாக்ஸ், அகலமான ஷூ. இரவில் மனைவி டார்ச் அடித்து என் உள்ளங்காலைப் பார்க்கிறாள். முதலில் கூச்சமாக இருந்தது. இப்போது நானே காலை நீட்டிவிடுகிறேன்.

மறுவாரமே வாக்கிங் நண்பர்களிடம், எனக்குச் சுகர் இருக்கிறது, கோபமாகப் பேசினால் முதலில் சர்க்கரையைக் கொடுங்கள், பிறகு சண்டை போடலாம் என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் அந்தக் கூட்டத்தில் மூன்று பேர் "எனக்கும்தான்" என்றார்கள். இத்தனை நாளாக எல்லோரும் எல்லோரிடமும் மறைத்துக்கொண்டுதான் நடந்திருக்கிறோம்.

அடுத்த ஆறு மாதத்தில் சராசரி 7.3-க்கு வந்தது. மூன்று சுற்றில் வராதது ஒரு சுற்றில் வந்தது. மாத்திரை அளவையும் டாக்டர் குறைத்தார். பூக்கார அம்மாவிடம் தினமும் ஒரு முழம் வாங்குகிறோம். "சாப்பிட்டீங்களாய்யா?" என்று கேட்டுவிட்டுத்தான் பூவையே கையில் கொடுக்கும்.

இதையெல்லாம் போனில் கேட்டு முடித்த நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இத்தனை வருஷமா இதை ஏன்யா சொல்லலை?" என்றார்.

"வெட்கம்" என்றேன்.

"சரி, என் மாத்திரை பேரை வாசிக்கறேன், கேளுங்க" என்று எழுந்து கண்ணாடியைத் தேடப் போனார். அதில் கிளிமிபிரைடும் இருந்தது. டாக்டரிடம் நேரத்தைக் கேட்டுக்கொண்டு நடக்க ஆரம்பிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.