ஒரே ஒரு ரிங்

பிரவுன்ஷ்வைக், ஜெர்மனி

இந்த மடலை எழுதுகிறவர் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது தன் அப்பாவின் பெயரைச் சொல்கிறார். ஊரில் இருந்தபோது அப்பா பேரை வாய்விட்டுச் சொன்னால் பாட்டி கண்ணை உருட்டுவாள். இங்கே அதுதான் முறை. அலுவலகத் தொலைபேசி அடித்தால், எடுத்தவுடன் குடும்பப் பெயரைச் சொல்ல வேண்டும். வெறும் ‘ஹலோ’ என்றால் எதிர்முனையில் ஒரு சின்ன மௌனம் விழும், ‘யாரப்பா நீ?’ என்பதுபோல. குடும்பப் பெயர் இல்லாத தமிழனின் பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தை அப்பாதான் நிரப்பியிருக்கிறார். ஆகவே மடல்காரர் ரிசீவரைத் தூக்கும்போதெல்லாம் அப்பா ஆஜர்.

மேசைத் தொலைபேசிக்கே இவ்வளவு சம்பிரதாயம் பார்க்கிறவர்கள், சட்டைப் பையில் கிடக்கும் கைபேசியைச் சும்மா விடுவார்களா? அது உச்ச நீதிமன்றப் படி வரை ஏறியிருக்கிறது.

கார் கம்பெனிகளுக்குப் பாகம் செய்து தரும் ஒரு தொழிற்சாலை. 2021 நவம்பரில் அதன் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் தொங்கியது. வேலை நேரத்தில் சொந்தக் காரியத்துக்குக் கைபேசியைத் தொடக் கூடாது, மீறினால் நடவடிக்கை உண்டு என்பது அதன் சாரம். படித்துவிட்டு முணுமுணுத்துக்கொண்டே போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் இந்த நாட்டில் ‘பெட்ரீப்ஸ்ராட்’ என்று ஒன்று இருக்கிறது. தொழிற்சங்கம் வேறு, இது வேறு. ஐந்து பேர் நிரந்தரமாக வேலை பார்க்கும் இடத்தில்கூட ஊழியர்கள் தங்களுக்குள் ஓட்டுப் போட்டு இந்தக் குழுவை அமைத்துக்கொள்ளலாம். ஷிஃப்ட் எத்தனை மணிக்குத் தொடங்குவது, லீவை எப்படிப் பங்கிடுவது போன்ற பல விஷயங்களில் இதன் சம்மதம் இல்லாமல் முதலாளி அசைய முடியாது. அந்தக் குழு கேட்டது: எங்களைக் கேட்காமல் தாளை எப்படித் தொங்கவிட்டீர்கள்?

வழக்கு முதலில் பிரவுன்ஷ்வைக் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு வந்தது. குழு சொன்ன நியாயம் கேட்க நன்றாகத்தான் இருந்தது. மெஷினுக்கு செட்டிங் மாற்றும் நேரத்தில் தொழிலாளி சும்மாதானே நிற்கிறான்? அப்போது போனைப் பார்த்தால் வேலைக்கு என்ன நஷ்டம்? சும்மா நிற்க வேண்டாம், அந்த நேரத்தில் இடத்தைக் கூட்டலாம், தீர்ந்துபோன சாமானை எடுத்து வைக்கலாம் என்றது நிர்வாகம். ஊரில் மாமியார்கள் சொல்கிற அதே பதில்.

2023 அக்டோபர் 17 அன்று எர்ஃபுர்ட்டில் உள்ள கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம், இந்த வகை வழக்குகளுக்கு அதுதான் கடைசிப் படி, நிர்வாகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் கிழித்த கோடு நுட்பமானது. ஊழியர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பழக வேண்டும், வளாகத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விதி போட்டால் குழுவைக் கேட்டாக வேண்டும். வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொன்னால் கேட்க வேண்டியதில்லை. கைபேசித் தடை முக்கியமாக இரண்டாவது வகை. வேலையில் கண்ணும் கருத்துமாக இரு என்பதைத்தான் அது வேறு வார்த்தையில் சொல்கிறது.

கண்ணும் கருத்தும் எங்கோ போனால் என்ன ஆகும் என்பதை இந்த நாடு பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறது. 2016 பிப்ரவரி 9, பவேரியாவில் பாட் ஐப்ளிங் என்ற சிற்றூர். கார்னிவல் விடுமுறை வாரம், வழக்கமாக வரும் பள்ளிப் பிள்ளைகள் ரயிலில் இல்லாதது ஒன்றுதான் அன்றைய அதிர்ஷ்டம். காலை ஏழு மணிக்குச் சற்று முன்னால், ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு பயணிகள் ரயில்கள் நேருக்கு நேர் மோதின. 12 பேர் இறந்தார்கள். சிக்னல் அறையில் பணியிலிருந்தவர் கைபேசியில் விளையாடிக்கொண்டிருந்திருக்கிறார். பணியில் போன் கூடாது என்பது ரயில்வே விதி. எந்த ரயில் எங்கே கடக்க வேண்டும் என்ற கணக்குக் குழம்பி, தவறான சிக்னல் கொடுத்தார். தவறு புரிந்து அவர் அனுப்பிய அவசர அழைப்பும் ரயில் ஓட்டுநர்களைச் சென்றடையவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் அவருக்கு மூன்றரை ஆண்டு சிறைத்தண்டனை. ‘ஒரு நிமிஷம் பார்த்தால் என்ன’ என்று யாராவது ஆரம்பித்தால், மடல்காரருக்கு அந்தச் சிக்னல் அறைதான் நினைவுக்கு வரும்.

ஆனால் எல்லாரும் சிக்னல் அறையில் உட்கார்ந்திருக்கவில்லை.

மடல்காரரோடு வேலை பார்க்கும் விருதுநகர் பக்கத்துப் பையன் ஒருவன். போன வருடம் அவனுடைய அப்பாவுக்கு நெஞ்சுவலி, மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஷாப்ஃப்ளோரில் போன் கூடாது, லாக்கரில் வைத்துப் பூட்டியாக வேண்டும். அவசரம் என்றால் மைஸ்டரின் மேசையில் லேண்ட்லைன் இருக்கிறது. மைஸ்டர் என்றால் நம் ஊர் ஃபோர்மேன் போல. நல்ல மனிதர், ‘என் நம்பரைக் கொடு, வந்தால் ஓடிவந்து கூப்பிடுகிறேன்’ என்றார். பையனும் தாய்மாமாவிடம் நம்பரைக் கொடுத்தான். மாமா கூப்பிட்டார். மைஸ்டர் எடுத்து, முறைப்படி தன் குடும்பப் பெயரை முழங்கினார். மாமா, ‘சாரி, ராங் நம்பர்’ என்று வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டார், மறுபடி முழக்கம், மறுபடி ராங் நம்பர். நான்காவது தடவை மைஸ்டர் பெயரைச் சொல்லாமல் பையனின் பெயரைச் சொன்னார், கேள்விக்குறியோடு. அப்போதுதான் மாமாவுக்கு மூச்சு வந்தது. ஆஞ்சியோ முடிந்து அப்பா நலம் என்பதே சேதி. அந்த நாலு ரிங்குக்கு நடுவில் மதுரையில் மாமா எத்தனை தடவை நம்பரைச் சரிபார்த்திருப்பார்!

கேமரா விஷயத்தில் நம் ஆட்கள் இன்னும் வசமாக மாட்டுகிறார்கள். புதிதாக வந்தவர் வீடியோ கால் போட்டு, ‘பாரும்மா, இதுதான் என் சீட், இவர்தான் பக்கத்து சீட்டு’ என்று போனைச் சுற்றிக் காட்டுவார். பாசம்தான். பக்கத்து சீட்டுக்காரர் முகம் வெளிறிவிடும். ஒருவர் படத்தை அவர் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது என்று 1907-லேயே சட்டம் போட்ட நாடு இது. தனிப்பேச்சை அனுமதியின்றிப் பதிவு செய்தால் மூன்று ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு. பல கார் தொழிற்சாலைகளில் விருந்தாளியின் போன் கேமரா மீது வாசலிலேயே ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். 2018-இல் பக்கத்து ஹானோவரைத் தலைமையிடமாகக் கொண்ட கான்டினென்டல் நிறுவனம் கம்பெனி போன்கள் 36,000-இலும் வாட்ஸ்அப்பைத் தடை செய்தது. அந்த ஆப், போனில் உள்ள அத்தனை பேருடைய நம்பரையும் எட்டிப் பார்க்கிறது, அவர்களிடம் யார் அனுமதி வாங்கியது என்பது அதன் வாதம். நம் குடும்பக் குரூப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டால் சித்தப்பா குரூப்பை விட்டே நீக்கிவிடுவார்.

வேலைக்குள் வீடு நுழையக் கூடாது. சரி, வீட்டுக்குள் வேலை நுழையலாமா? இதிலும் முன்மாதிரிகள் உண்டு. இங்கிருந்து அரைமணிப் பயணத்தில் இருக்கும் வோல்ஃப்ஸ்பூர்கின் ஃபோக்ஸ்வாகன், 2011 கடைசியில், ஷிஃப்ட் முடிந்து அரைமணி கழித்து ஊழியர்களின் பிளாக்பெர்ரிகளுக்கு மெயில் போவதையே நிறுத்தியது. மறுநாள் ஷிஃப்டுக்கு அரைமணி முன்புதான் வரும். 2014-இல் டைம்லர் ஒரு படி மேலே போய், லீவில் இருப்பவருக்கு வரும் மெயிலைத் தானே அழித்துவிடும் வசதியைக் கொண்டுவந்தது. விரும்பியவர் வைத்துக்கொள்ளலாம். அனுப்பியவருக்கு, ‘உங்கள் மெயில் அழிக்கப்பட்டது, அவசரமென்றால் இவரைக் கேளுங்கள்’ என்று பதில் போகும். ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் இடையே 11 மணி நேர ஓய்வு இங்கே சட்டம்.

இத்தனைக்கும் பிறகு, அதே எர்ஃபுர்ட் நீதிமன்றம், அதே 2023-இல், கைபேசித் தடைத் தீர்ப்புக்கு இரண்டே மாதம் முன்பு இன்னொன்று சொன்னது. ஆம்புலன்ஸ் பணியாளர் ஒருவர். மறுநாள் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று நிர்வாகம் எஸ்.எம்.எஸ். அனுப்பியது. ஓய்வு நேரத்தில் போனைப் பார்ப்பது என் கடமையல்ல என்றார் அவர். கீழே மாநில நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. எர்ஃபுர்ட் நிற்கவில்லை. அட்டவணை இப்படி மாறலாம் என்று அவருக்கு முன்பே தெரியும், எந்த நிமிஷத்தில் படிப்பது என்பது அவர் இஷ்டம், படிக்க ஆகும் நேரமோ அற்பம், அதனால் ஓய்வு கெடாது என்றது.

சட்டப்படி இரண்டு தீர்ப்புக்கும் முரண் இல்லை என்று வக்கீல்கள் விளக்குவார்கள். மடல்காரருக்கு அது இறங்கவில்லை. முதலாளியின் செய்தியைப் படிக்க ஆகும் நொடி அற்பம் என்றால், ‘அப்பா நல்லா இருக்காரு’ என்ற மூன்று சொல்லைப் படிக்க ஆகும் நொடி எந்தக் கணக்கில் சேரும்? மெஷின் முன்னால் நிற்பவனுக்குத் தடை நியாயம்தான். ஆனால் அலுவலக மேசையில் குப்புறக் கிடக்கும் போன் ஒரு தடவை அதிர்ந்தால் யார் குடி முழுகிவிடும்?

நல்லவேளை, இடைவேளையை யாரும் தொடவில்லை. எர்ஃபுர்ட் ஒப்புக்கொண்ட அந்தத் தடையும் வேலை நேரத்துக்கு மட்டுமே. ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் அரைமணி இடைவேளை சட்டம். மடல்காரரின் தொழிற்சாலையில் அதைப் பதினைந்து பதினைந்து நிமிஷமாகப் பிரித்திருக்கிறார்கள். காலை 9.15-க்கு முதல் கால் மணி. லாக்கர்கள் வரிசையாகத் திறக்கும், ரொட்டியும் போனும் ஒன்றாக வெளியே வரும்.

அந்த நேரம் ஊரில் மதியம் பன்னிரண்டே முக்கால். அம்மா உலையை இறக்கிவிட்டு ஒரே ஒரு ரிங் கொடுத்துக் கட் பண்ணுவாள். அந்தக் கால மிஸ்டு கால் பழக்கம், இலவச கால் வந்த பிறகும் அவள் விடவில்லை. லாக்கருக்குள் அந்த ஒரு ரிங் யாரையும் தொந்தரவு செய்வதில்லை. கதவைத் திறந்ததும் திரையில் அம்மா பெயர் இருக்கும், மடல்காரர் திருப்பிக் கூப்பிடுவார்.

சிக்கல் அக்டோபரின் கடைசி ஞாயிற்றுக்கிழமை வரும். ஜெர்மனியின் அதிகாரபூர்வ நேரத்தைக் காக்கும் அணுக் கடிகாரங்கள் இருப்பது இதே பிரவுன்ஷ்வைக்கில்தான். அன்று நாடு முழுக்கக் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். மறுநாள் அம்மாவின் ரிங் ஒரு மணி நேரம் முந்தி விழுந்து வீணாகும்.

“இனிமே ஒன்னே முக்காலுக்குக் கொடும்மா.”

“போன தடவைதானே பன்னண்டே முக்கால்னு சொன்ன?”

“அது வெயில் காலத்துக்கு.”

“கடிகாரத்தையே திருப்பி வைக்கிறவன்,” என்றாள் அம்மா, “நீ ரெண்டு நிமிஷம் போன் பேசினா குத்தம்ங்கிறானா?”