மாமியார் உடைத்த சட்டி

முப்பது வருஷங்களாகக் கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். என் பாத்திரங்களை அழச் சொன்னால் அழுவார்கள். சாகச் சொன்னால் சாவார்கள். ஒருவராவது "ஏன்?" என்று கேட்டதில்லை. அந்தக் கர்வத்தோடு சென்ற மாதம் ஒரு புது உலகத்தில் பிரவேசித்து நன்றாகக் குட்டுப்பட்டேன்.

கல்லூரியில் படிக்கும் என் பேத்தி ராத்திரி வேளைகளில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஏதோ தட்டிக்கொண்டிருப்பாள். பாடம் என்று நினைத்திருந்தேன். விசாரித்ததில், விளையாட்டு என்று தெரிந்தது. படம் கிடையாது, சப்தம் கிடையாது, எல்லாம் எழுத்துத்தான். பல ஊர்க்காரர்கள் இன்டர்நெட்டில் கூடி, ஆளுக்கொரு வேஷம் பூண்டு, ஒரே கதையை ஆளுக்கொரு பத்தியாக எழுதிப் போகிறார்கள்.

"நீங்களும் ஒரு வேஷம் போட்டுக்கோங்களேன், தாத்தா!" என்றாள்.

வாள்வீரனாகக் கோட்டை வாசலில் போய் நின்றேன். 'நான் வாளை உருவினேன். காவலன் நடுநடுங்கிக் காலில் விழுந்தான்' என்று எழுதினேன். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது: "காவலன் என்னுடைய பாத்திரம். அவன் நடுங்குவதா, நகைப்பதா என்று நான்தான் எழுதவேண்டும். வாளை உருவுவது மட்டுமே உங்கள் பாத்தியதை."

என் பத்தியை அழித்துவிட்டார்கள். ஒரு வாரம் வாசிக்கலாம், எழுதக்கூடாது என்று தண்டனை. கோபம் வந்தது, ஆனால் யோசித்துப் பார்த்தால் விதி நியாயமானதுதான். பிறருடைய பாத்திரத்தை ஆட்டிவைக்க எனக்கு என்ன உரிமை?

அந்த வாரம் முழுவதும் வாசித்தேன். அப்போதுதான் ராணி வேஷக்காரரைக் கவனித்தேன். அங்கே ஆறு வருஷப் பழக்கம் அவருக்கு. மூன்று நாளைக்கு முன் வந்த ஒரு புதியவருடைய வியாபாரிக்கு, அவரைக் கேட்காமலே, 'கை வெட்டப்பட்டது' என்று எழுதிவிட்டார். புதியவர் முறையிட்டார். நிர்வாகிகளோ, "ராணிக்குக் கதையின் போக்குத் தெரியும்; நீங்கள் போகப் போகத் தெரிந்துகொள்வீர்கள்" என்று சொல்லிவிட்டார்கள். மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி!

இது பழைய வழக்கு. 1978-இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இரு மாணவர்கள் 'மட்' என்ற எழுத்து உலகத்தை உண்டாக்கினார்கள். அதன் வழியில் 1990-இல் அமெரிக்காவில் பாவெல் கர்ட்டிஸ் என்பவர் 'லாம்ப்டாமூ'வை அமைத்தார். அங்கே நிர்வாகிகளுக்கு 'மந்திரவாதிகள்' என்று பெயர். 1992-ஆம் வருஷக் கடைசியில், "இனி யந்திரத்தை மட்டும் கவனிப்போம், உங்கள் சண்டைகளை நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று அவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். மறு வருஷமே ஒரு போக்கிரி, பிறருடைய பாத்திரங்கள் தாமாகவே ஆபாசமாக நடந்துகொள்வதுபோல் தந்திரமாக எழுதிவிட்டான். ஜனங்கள் கூடிப் பேசினார்கள், முடிவு ஏற்படவில்லை. பிறகு ஒரு மந்திரவாதி தன்னந்தனியாகத் தீர்மானித்து, அவன் கணக்கையே அழித்துவிட்டார். தண்டனை சரிதான், ஆனால் அதை விதிக்க ஊரறிந்த முறை ஒன்றும் இல்லை. அதன் பிறகே கர்ட்டிஸ் மனுவும் வாக்கெடுப்பும் ஏற்படுத்தினார்.

புதிதாக வருகிறவனுக்கு விதி கூடாது என்று நான் சொல்லவில்லை. அதை வாசலிலேயே சொல்லிவிடவேண்டும். ராணியையும் அது கட்டவேண்டும். அவ்வளவுதான்.

"நீ அங்கே நாலு வருஷமாக இருக்கிறாயே, அம்மா. அந்தப் புதியவருக்காக ஏன் வாய் திறக்கவில்லை?" என்று பேத்தியைக் கேட்டேன்.

"எல்லாரும் சிநேகிதர்கள், தாத்தா. எதுக்கு வம்பு?" என்றாள். அதற்கு மேல் நான் பேசவில்லை.

மறுநாள் காலையில் பார்த்தேன். ராத்திரி ஒரு மணிக்கு அவள் நிர்வாகிகளுக்கு எழுதியிருந்தாள்: "என் தாத்தாவின் பத்தியை அழித்த விதிப்படி ராணியின் பத்தியையும் அழிக்கவேண்டும். இல்லையென்றால் அந்த விதியை எடுத்துவிடுங்கள்."

இரண்டு நாள் பலத்த வாக்குவாதம். சிநேகிதி ஒருத்தி அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். மூன்றாம் நாள் ராணியின் பத்தியை அழித்தார்கள். வியாபாரியின் கை ஒட்டிக்கொண்டது.

எழுத்து உலகத்தில் வெட்டுண்ட கையை ஒட்டவைப்பது அத்தனை சுலபம். ஆனால் அந்த வியாபாரிக்கு உயிர் கொடுத்த புதியவர் இன்றுவரை திரும்பி வரவில்லை.