தத்தன் நடந்த தூரம்

'ஹாம்லெட்'டை நான் முழுசாகப் படித்து முடித்தது கம்பெனி பஸ்ஸில்தான். காலை ஆறு மணிக்குப் பல்லாவரத்தில் ஏறினால் பம்மல், குன்றத்தூர், ஸ்ரீபெரும்புதூர், கடைசியில் ஒரகடம். தூக்கம் வராத நாட்கள் அவை.

வராததற்குக் காரணம் இருந்தது. ஒரு நைட் ஷிப்டில் அசெம்பிளி லைன் மூன்று மணி நேரம் நின்றுபோனது. "இப்பவே போடுப்பா, அப்ரூவல் நான் பாத்துக்கறேன்" என்று மேனேஜர் சாட்டில் சொன்னதால்தான் அந்த சாஃப்ட்வேர் மாற்றத்தைப் போட்டேன். மறுநாள் மீட்டிங்கில், "இவர் யாரையும் கேக்காம பண்ணிட்டார்" என்றார். புகார் கொடுக்கலாம்தான். விசாரிக்கும் குழுவில் அவரே இருந்தார். சாட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஒரு ஃபோல்டரில் போட்டேன். ஃபோல்டருக்கு 'அமலாதித்யன்' என்று பெயர் வைத்தேன்.

1891-ல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார், ஹாம்லெட்டைத் தமிழுக்குக் கொண்டுவந்தபோது வைத்த பெயர் அது. அவர் பெயரிலிருக்கும் ஊரைத்தான் தினமும் கடந்துபோனேன்.

பழிவாங்கும் நாடகங்கள் கொலையில் தொடங்குகின்றன என்று நினைத்திருந்தேன். அவை மனு கொடுக்க இடமில்லாமல் போவதில் தொடங்குகின்றன. ஹாம்லெட்டுக்கு முன்பே தாமஸ் கிட் எழுதிய 'ஸ்பானிஷ் டிராஜடி'யில் ஹைரோனிமோ ஒரு நீதிபதி. அவன் மகனைக் கொன்றவர்களில் ஒருவன் மன்னனின் தம்பி மகன். ஊருக்குத் தீர்ப்பு சொன்னவனுக்குத் தன் வழக்கைச் சொல்ல வாசல் இல்லை. அதனால் தானே தீர்ப்பு எழுதிவிடுகிறான். ஹாம்லெட்டுக்கும் அதே கதிதான். அப்பாவைக் கொன்ற சித்தப்பாவே ராஜா. ராஜா ஜெபத்தில் இருக்கும்போது கொல்ல வாய்ப்புக் கிடைக்கிறது. இப்போது கொன்றால் சொர்க்கம் போய்விடுவான் என்று ஹாம்லெட் தள்ளிப்போடுகிறான். அது கருணை இல்லை, இன்னும் மோசமான நேரத்துக்கான காத்திருப்பு. நானும் அப்படித்தான் காத்திருந்தேன்.

இரண்டு வருடம் கழித்து நேரம் வந்தது. நான் வேறு கம்பெனிக்கு மாறியிருந்தேன். எச்.ஆர். பெண் கேட்டார்: "சார், இவர்கூட வேலை பாத்திருக்கீங்கல்ல? ஆள் எப்படி?" திரையில் அவருடைய ரெஸ்யூமே. எட்டு மாதமாக வேலை இல்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.

ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் போகிறவனுக்குப் பழியைப் பற்றித் தனியாகப் பாடம் வேண்டாம். 1991 மே 21 அன்று ராஜீவ் காந்திக்குக் குறிவைத்த பழி, பக்கத்தில் நின்ற போலீஸ்காரர்களையும் பொதுமக்களையும் சேர்த்தே கொன்றது. ஹாம்லெட்டிலும் ஒருவனுக்கான பழி ஒஃபீலியா வரைக்கும் போகிறது. ஆபீஸ் பார்ட்டியில் ஒருமுறை பார்த்த அவருடைய மகள் நினைவுக்கு வந்தாள்.

அன்று மாலை பஸ் குன்றத்தூரில் டிராஃபிக்கில் நின்றது. சேக்கிழார் பிறந்த ஊர். பெரியபுராணத்தில் மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன், அடியார் வேஷத்தில் வந்து குத்துகிறான். காவலன் தத்தன் வாளை ஓங்குகிறான். மன்னர் தடுத்து, இவர் நம்மவர், பத்திரமாக ஊர் எல்லை தாண்டிக் கொண்டுபோய் விடு என்கிறார்.

ஸ்கூலில் இதை மன்னரின் பெருமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு அன்று தத்தன்தான் கண்ணில் நின்றான். மன்னர் மன்னித்துவிட்டார். கொலைகாரனோடு நடந்து, மறித்த ஜனங்களை விலக்கி, அவனைப் பத்திரமாக விட்டுவிட்டு வர வேண்டியது தத்தன். அவன் மன்னித்தானா என்று கதை கேட்கவில்லை. நடந்தான், அவ்வளவுதான்.

மறுநாள் சொன்னேன். "வேலை நல்லாத் தெரிஞ்சவர். ஆனா எனக்கும் அவருக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கு. என் பேச்சை எடுத்துக்காதீங்க, வேற யாரையாவது கேளுங்க."

கேட்டிருப்பார்கள் போல. அவருக்கு வேலை கிடைத்தது. இப்போது அதே பஸ்ஸில் மூன்று வரிசை முன்னால் உட்கார்கிறார். குட் மார்னிங் சொல்லிக்கொள்கிறோம். ஃபோல்டரை நான் இன்னும் அழிக்கவில்லை.

எல்லையில் விட்டுவிட்டுத் திரும்பிய தத்தனுக்கு அன்றிரவு தூக்கம் வந்ததா என்று சேக்கிழாரும் சொல்லவில்லை.