பற்றும் வரவும்

விடியற்காலை ஐந்து மணிக்கு எங்கள் வீட்டில் முதலில் கண் விழிப்பவள் என் மனைவி. அடுத்து விழிப்பது கூடத்தில் இருந்த ஸ்டீரியோ பெட்டி. மூன்றாவதாகத்தான் நான். 1985-ஆம் ஆண்டு, ஊதிய ஒப்பந்தத்தின் நிலுவைத் தொகை கைக்கு வந்தபோது, 4,800 ரூபாய் கொடுத்து அந்தப் பெட்டியைக் கும்பகோணம் வீட்டுக்கு வாங்கி வந்தேன். இசைத்தட்டு சுழலும் மேடை, மரப்பெட்டிக்குள் ஆம்ப்ளிஃபயர், இருபுறமும் இரண்டு ஸ்பீக்கர்கள். அதனோடு வந்த முதல் இசைத்தட்டு, 1963-இல் எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையார் பாடிய ஸ்ரீ வேங்கடேச சுப்ரபாதம்.

வாங்கியவன் நான் என்றாலும் அதை நாள்தோறும் இயக்கியவள் அவள்தான். நீராடி, விளக்கேற்றி, தட்டின் மேல் ஊசியை வைத்துவிட்டு அடுக்களைக்குள் போவாள். ஒரு பக்கம் முடியும் வேளையில், ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி வந்து தட்டைத் திருப்பி வைப்பாள். நான் காபியுடன் நாற்காலியில் கண் மூடி அமர்ந்திருப்பேன். அதையே என் காலை வழிபாடு என்று கருதியிருந்தேன்.

சுப்ரபாதத்தை அருளிச் செய்தவர் மணவாள மாமுனிகளின் சீடரான பிரதிவாதி பயங்கரம் அண்ணன். சுப்ரபாதம் 29 சுலோகங்கள், ஸ்தோத்திரம் 11, பிரபத்தி 16, மங்களாசாசனம் 14 என மொத்தம் 70. முதல் சுலோகம் வால்மீகி ராமாயணத்தின் பாலகாண்டத்தில் உள்ளது. விசுவாமித்திர முனிவர் இராமபிரானைத் துயிலெழுப்பும் இடம் அது. இவற்றை யார் கேட்டாலும் தயங்காமல் சொல்வேன். வங்கிக்காரனுக்கு எண்ணிக்கைகள் எளிதில் மனத்தில் தங்கும்.

மார்கழியில் திருமலையில் சுப்ரபாதத்துக்கு மாற்றாகத் திருப்பாவை சேவிக்கப்படுவது அன்பர்கள் அறிந்ததே. எங்கள் வீட்டிலும் அதே வழக்கம். ஆகவே அந்த மாதம் பெட்டிக்கும் ஓய்வு. சென்ற ஆண்டு மார்கழி முடிந்து, போகியன்று, மறுநாளைக்காகச் சரிபார்க்கலாம் என்று பெட்டியை இயக்கினேன். பாட்டுக்கு முன்னால் பெரிய உறுமல் ஒன்று வந்தது. பாட்டு தொடங்கிய பின்னும் அது அடங்கவில்லை.

“இன்றைக்குப் போகிதானே அப்பா, பழையன கழியட்டும். சுப்ரபாதம் கைப்பேசியிலேயே இருக்கிறதே” என்றான் மகன். “கடைத்தெரு ரேடியோக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுங்களேன்” என்றாள் மனைவி. இரண்டு யோசனைகளும் எனக்குப் பிடிக்கவில்லை. ஓய்வு பெற்றவனுக்கு, தன்னால் இன்னும் ஒன்றைச் சரிசெய்ய முடியும் என்று வீட்டாருக்குக் காட்டும் ஆசை எளிதில் விடாது.

உறுமலின் காரணம் எனக்குத் தெரிந்தே இருந்தது. வீட்டுக்கு வரும் மாறுமின்சாரத்தை ஆம்ப்ளிஃபயருக்கு உரிய நேர்மின்சாரமாக மாற்றும்போது எஞ்சி நிற்கும் அலைவைக் கண்டென்சர் என்னும் சிறு உருளை அடக்குகிறது. பல ஆண்டுகளில் அதன் உள்ளே இருக்கும் ஈரம் வற்றிவிட்டால், அந்த அலைவு ஸ்பீக்கரில் உறுமலாகக் கேட்கும். நோயின் பெயர் தெரிந்ததால் மருத்துவமும் தெரியும் என்று எண்ணிவிட்டேன். புதிய கண்டென்சரும் ஈயம் பற்றவைக்கும் கருவியும் வாங்கி வந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன்.

அந்த உருளைக்குக் கூட்டல் முனை, கழித்தல் முனை என இரண்டு முனைகள் உண்டு. கழித்தல் முனை எது என்று காட்ட அதன் பக்கத்தில் ஒரு பட்டை போட்டிருக்கும். 37 ஆண்டுகள் பேரேட்டில் பற்றையும் வரவையும் இடம் மாற்றாமல் எழுதிய இந்தக் கை, அந்த இரு முனைகளையும் மாற்றிப் பற்றவைத்தது. சுவிட்சைப் போட்ட சில நொடிகளில் வெடிச் சத்தம்; கூடமெங்கும் கருகல் நெடி. அப்போதுதான் இன்னொரு பழைய தவறும் வெளிப்பட்டது. முன்பொரு முறை ஃபியூஸ் போனபோது, அவசரத்துக்கு அந்த இடத்தில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றியிருந்தேன். பிறகு அதை மாற்றவே இல்லை. தடுக்க வேண்டிய ஃபியூஸ் இல்லாததால் டிரான்ஸ்ஃபார்மரும் எரிந்துபோயிற்று. உடலுக்கு ஒன்றும் நேராதது பெருமாளின் கருணை.

மறுநாள் தை முதல் நாள். ஐந்து மணிக்கு விழிப்பு வந்தது. கூடம் அமைதியாக இருந்தது. செய்த பிழை நெஞ்சில் உறுத்த, எழ மனமின்றிப் படுத்திருந்தேன். அப்போது அடுக்களையிலிருந்து சுப்ரபாதம் கேட்டது. மகன் கைப்பேசியில் வைத்திருக்கிறான் என்றே முதலில் நினைத்தேன். எழுந்து போய்ப் பார்த்தால், பொங்கல் பானைக்கு மஞ்சள் கொத்தைக் கட்டியபடி என் மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். கையில் புத்தகம் இல்லை. குரல் சற்றுக் கம்மியிருந்தது. ஆனால் ஒரு சொல்லும் பிசகவில்லை. எழுபதையும் சொல்லி முடித்தாள்.

“இதையெல்லாம் எப்போது மனப்பாடம் செய்தாய்?” என்று கேட்டேன்.

“தனியா உட்கார்ந்தா படிச்சேன்? தினமும் கூடவே சொல்லிக்கிட்டுத்தானே இருந்தேன். பெட்டிச் சத்தத்துல உங்களுக்குக் கேட்டிருக்காது” என்றாள்.

அன்று மாலை தனியே அமர்ந்து நானும் சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது சுலோகத்திலேயே நின்றுவிட்டேன். ராகம் வந்தது, சொல் வரவில்லை. அதே தட்டு, அதே கூடம், அதே ஆண்டுகள். அவள் வேலை செய்துகொண்டே கற்றிருக்கிறாள். நான் வேலையின்றி அமர்ந்தும் கற்கவில்லை.

மாசி மாதம், பழைய ஸ்டீரியோ பெட்டிகளை வாங்கிச் சீர்செய்யும் இளைஞர் ஒருவர் நண்பர் மூலமாக வந்தார். மேடையைச் சுழற்றிப் பார்த்தார். ஊசியையும் மரத்தையும் பார்த்தார். “7,000 வரைக்கும் தரலாம் ஐயா. உள்ளே யாராவது கை வைச்சிருக்காங்களா?” என்று கேட்டார்.

கருகல் தெரியாமல் துடைத்து, மூடியையும் இறுகத் திருகி வைத்திருந்தேன். ‘ஓடவில்லை, அவ்வளவுதான் தெரியும்’ என்ற பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நகைக்கடன் பிரிவில் இருந்த காலத்தில், முலாம் பூசிய நகையை மேசை மேல் வைத்துவிட்டு முகம் மாறாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நொடியில் என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். உள்ளே மனைவியின் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது. அவளும் என் பதிலைக் கேட்கக் காத்திருந்தாள் போலும்.

“கை வைத்தது நான்தான் தம்பி” என்று தொடங்கி, மாற்றி வைத்த முனைகள், செம்புக் கம்பி, எரிந்த டிரான்ஸ்ஃபார்மர் என அனைத்தையும் சொன்னேன். அவர் மூடியைக் கழற்றிப் பார்த்தார். “டிரான்ஸ்ஃபார்மரைப் புதுசா சுத்தணும். 3,000தான் கட்டுப்படியாகும் ஐயா” என்றார். சரி என்றேன். நாலாயிரம் ரூபாய் குறைந்தது. ஆயினும் அன்றிரவு நன்றாக உறங்கினேன்.

“ரெக்கார்டு ஏதாவது இருக்கா ஐயா?” என்று அவர் கேட்டபோதுதான் என் மனம் தடுமாறியது. என் மனைவி தடுமாறவில்லை. சுப்ரபாதத் தட்டை உறையோடு எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள். “பெட்டி சரியானதும் முதல்ல இதைப் போடுங்க தம்பி” என்றாள்.

அந்தப் பணத்தில் பெரிய எழுத்து ஸ்தோத்திரப் புத்தகம் ஒன்று எனக்காக வாங்கினோம். மீதியைச் சார்ங்கபாணிப் பெருமாள் கோயில் திருவிளக்கு எண்ணெய்க்குச் செலுத்தி ரசீது பெற்றோம். வங்கிக் கணக்கில் பற்று என்பதற்கு ஒரு பொருள். நம் பெரியோர் வாக்கில் வேறொரு பொருள். அந்தப் பெட்டியின் மேல் எனக்கு இருந்தது இரண்டாவது பொருளில் உள்ள பற்று. அதை இத்தனை ஆண்டுகளாகப் பக்தியின் வரவில் எழுதி வந்திருக்கிறேன்.

இப்போது ஐந்து மணிக்கு நானும் எழுந்துவிடுகிறேன். அவள் சொல்ல, நான் பின்தொடர்கிறேன். 29-இல் 17 சுலோகங்கள் புத்தகம் பாராமல் வருகின்றன. பிழை விட்டால் அடுக்களையிலிருந்து உடனே திருத்தம் வருகிறது. முன்பு தட்டின் ஒரு பக்கம் முடிந்த அந்த இடம் வரும்போது, அவள் இன்றும் சற்று நிறுத்துகிறாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொள்கிறாள். பிறகு தொடர்கிறாள், நானும் தொடர்கிறேன்.