மாசி மகத்துக் கடற்கரை

புதுச்சேரி நகரத்துக்கு வடபால், சமுத்திரத்தை ஒட்டினாற்போல் அமைந்துள்ளது வைத்திக்குப்பம். மற்ற நாட்களில் வலையும் படகும் மீன் கூடையுமாக இருக்கும் இக்கரை, மாசி மகத்தன்று வேறு கோலம் கொண்டுவிடுகிறது. மயிலம் முருகன் முதலாகப் பல ஊர் ஸ்வாமிகள் தீர்த்தவாரிக்கு இங்கே எழுந்தருளுகிறார்கள். கூட்டத்தோடு கூட்டமாக நாமும் நின்றோம். ஸ்வாமிகள் நீராடும் இந்தச் சமுத்திரத்தின் வழியேதான், முன்னொரு காலத்தில், நம் ஜனங்கள் கூலிகளாகக் கப்பலேறிப் போனார்கள்.

பிரெஞ்சு அரசு 1848-ல் தன் தீவுகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே! புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தமிழரை ஒப்பந்தம் எழுதி ஏற்றினார்கள். மர்த்தினீக் தீவுக்கு 1853-லும் குவாதலூப்புக்கு 1854-லும் முதற் கூலிக் கப்பல்கள் போய்ச் சேர்ந்தன. ஆங்கிலேயரும் சளைத்தவரல்லர். சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் 1860 நவம்பர் 16-ல் நேட்டால் நாட்டின் டர்பன் துறையை அடைந்தது.

நேட்டாலில் ஒப்பந்தம் முடிந்து சுதந்திரமாக வாழ விரும்பியவர்கள்மீது, ஆண்டுக்குத் தலைக்கு 3 பவுன் வரி விதித்தார்கள். கூலியாளின் முதல் வருஷச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். 3 பவுனோ 60 ஷில்லிங். 13 வயதைக் கடந்த பெண்ணுக்கும் விலக்கில்லை. கட்ட முடியாதவர் மறுபடியும் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைக்க வேண்டியதுதான். இதை அடிமைத்தனம் என்னாமல் வேறு என்னென்பது?

இந்த வரியை எதிர்த்துச் சிறை சென்றாள் ஒரு தமிழ்ப் பெண். இக்கரையோரமாகவே தெற்கே போனால், தரங்கம்பாடிக்கு அருகில் தில்லையாடி என்னும் சிற்றூர் இருக்கிறது. வள்ளியம்மையின் குடும்பத்துக்கு அதுவே பூர்வீகம். அவள் பிறந்ததும் வளர்ந்ததும் ஜோஹன்னஸ்பர்க்கில். அந்நகரம் டிரான்ஸ்வாலைச் சேர்ந்தது. நேட்டாலின் வரி அவள் வீட்டைத் தீண்டவேயில்லை. ஆயினும் 1913-ல் காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தில் தாயாருடன் சேர்ந்தாள். மூன்று மாதக் கடுங்காவல் கிடைத்தது. மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து வெளிவந்தபோது உயிர்க்கொல்லி ஜுரத்தோடு வந்தாள்.

நெடிய உருவம் எலும்பாய்த் தேய்ந்து கிடந்தவளைக் காந்தியடிகள் பார்க்கப் போனார். சிறை சென்றதற்காக வருந்துகிறாயா என்று கேட்டார். இப்போது கைது செய்தாலும் போகச் சித்தம் என்றாள். அதனால் உயிரே போனால்? அதைப்பற்றியும் கவலையில்லை என்றாள்.

1898 பிப்ரவரி 22-ல் பிறந்தவள், 1914 பிப்ரவரி 22-ல் மறைந்தாள். பிறந்ததும் மறைந்ததும் மாசி மாதம், வயது 16. சில மாதங்களுக்குள் 3 பவுன் வரி சட்டப்படி ரத்தாயிற்று. மறு வருஷம் தாய்நாடு திரும்பிய காந்தியடிகள், தமிழ்நாட்டுப் பிரயாணத்தின்போது தரங்கம்பாடிக்கு வந்து, தில்லையாடிக்கும் சென்று அவ்வூராரைக் கண்டார்.