சுண்ணாம்புத் தெளிநீரும் சூரியப் பவளமும்

கண்ணாடித் தொட்டியில் கடல்நீரை நிரப்பி அதில் உயிருள்ள பவளங்களை வளர்க்கும் வழக்கம் சிங்கப்பூரின் இல்லங்கள் சிலவற்றில் உண்டு என்று கேள்விப்பட்டிருந்த எனக்கு, அப்பவளங்கள் எதை உண்டு வாழ்கின்றன, அவற்றுக்கு ஆகாரம் ஊட்டுகிறவர்கள் யார், அந்த ஊழியத்தின் சூட்சுமம் என்ன என்பதை நேரில் அறியும் ஆவல் நெடுநாளாக இருந்து வந்தது. நண்பர் ஒருவரின் உதவியால், சிராங்கூன் நார்த் வட்டாரத்திலுள்ள மீன்கடை ஒன்றில் பணிபுரிந்துகொண்டு, வீடுவீடாகச் சென்று பவளத் தொட்டிகளைப் பராமரித்து வரும் இளைஞர் ஒருவரின் பழக்கம் கிடைத்தது. தூத்துக்குடிக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவர். உப்புநீரிலேயே ஊறி ஊறி விரல் நுனிகள் வெடித்திருக்கும் அவருடைய கைகளைப் பார்த்த மாத்திரத்திலேயே, இவர் செய்வது வெறும் கடைச் சிப்பந்தியின் வேலையன்று என்பது எனக்கு விளங்கிவிட்டது.

கடையின் பின்கட்டில், ஆழம் குறைந்த தொட்டிகளில் வரிசை வரிசையாகத் தட்டுகள் அமைத்து, அவற்றின்மேல் விரல் நுனியளவான பவளத் துண்டுகளை ஊன்றியிருந்தார்கள். ஜோகூரிலிருந்து நாள்தோறும் பாலம் கடந்து வரும் சீனப் பெண்மணி ஒருவர், தாய்ப்பவளத்தை வைரப்பொடி பதித்த ரம்பத்தில் நறுக்கி, வெட்டுவாயை அயோடின் கலந்த நீரில் முக்கியெடுத்து, ஒரு சொட்டுப் பசையால் சிறு வில்லையில் ஒட்டிக்கொண்டிருந்தார். பேச நேரமில்லாதவர், ஆனால், எந்த இடத்தில் வெட்டினால் எந்தத் துண்டும் வாயிழந்து போகாது என்பதை அவர் ஒரு கணப் பார்வையில் தீர்மானித்த விதம் தேர்ந்த வைத்தியரை ஒத்திருந்தது.

அன்று மாலை நாங்கள் சென்றது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடியொன்றில் வசிக்கும், பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற சீன முதியவர் ஒருவரின் வீட்டுக்கு. முந்நூறு லிட்டர் கொள்ளளவுள்ள அவருடைய தொட்டி, நீல ஒளியின் கீழ், பச்சையும் ஊதாவும் செம்மஞ்சளுமாகச் சுடர்விட்டுக்கொண்டிருந்தது. உணவூட்டுதலைக் காண வந்த நான், தம்பி என்று நான் அழைக்கும் அவ்விளைஞர் இரைப் பொட்டலத்தை எடுப்பார் என்று எதிர்பார்த்திருக்க, அவரோ கண்ணாடிக் குப்பியொன்றில் தொட்டிநீரைச் சிறிது மொண்டு, அதில் ஒரு திரவத்தைத் துளித்துளியாக விட்டுக் குலுக்கலானார். நீலமாகிவிட்ட நீர் ஐந்து, ஆறு, ஏழு என்று எண்ணிய துளிகளுக்கும் நிறம் மாறாமல் இருந்து, எட்டாவது துளியில் சட்டென்று மஞ்சளாயிற்று. அதுதான் நீரின் காரத்தன்மையை அளக்கும் பரீட்சை. துளி ஒன்றுக்கு ஒரு பாகை. முந்தின நாள் இதே வேளையில் ஒன்பது பாகை இருந்ததாக, முதியவர் தமது குறிப்பேட்டைத் திறந்து காட்டினார். நடுவில் கழிந்த ஒரு நாளில், எதையும் சேர்க்காமல் நிறுத்தி வைத்துப் பார்த்ததில், ஒரு பாகை குறைந்திருக்கிறது.

குறைந்தது எங்கே போயிற்று? பவளங்களின் எலும்பாக மாறிவிட்டது. முந்நூறு லிட்டர் நீரில் ஒரு பாகை குறைவதென்றால், ஏறக்குறைய 5 கிராம் சுண்ணாம்புக்கல்லை அந்தப் பிராணிகள் ஒரே நாளில் நீரிலிருந்து பிரித்தெடுத்துத் தங்கள் கூட்டில் படிய வைத்திருக்கின்றன என்று அர்த்தம். ஒவ்வொரு பாகைக்கும் லிட்டருக்கு 7 மில்லிகிராம் அளவில் கால்சியமும் கூடவே குறைகிறது. கடலில் இந்தச் செலவு தெரிவதில்லை. அங்கே நீருக்கு எல்லை கிடையாது. தொட்டியிலோ, ஈடு செய்ய ஒருவர் இல்லாவிட்டால், பவளங்கள் சில தினங்களுக்குள் தங்கள் சேமிப்பு முழுவதையும் தின்று தீர்த்து, வளர்ச்சி குன்றி, பின்பு சதையும் தேய்ந்து போகும்.

“சோறு வேற, எலும்புக்குத் தீனி வேற அண்ணாச்சி. சோத்த வெளிச்சமே போட்டுருது. எலும்புக்கு நாமதான் போடணும்” என்றார் தம்பி.

இந்த மூன்று வாக்கியங்களில் அடங்கியிருப்பது பெரிய விஞ்ஞானம். பவளத்தின் சதைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச்செல் பாசிகள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. அவை ஒளியைக் கொண்டு சர்க்கரை சமைத்து, தங்களுக்குப் போக மிகுந்ததை இடம் கொடுத்த பிராணிக்கே வழங்கிவிடுகின்றன. ஆழமற்ற நீரில் வாழும் பல பவளங்களுக்கு அன்றாடச் சக்தியில் பத்தில் ஒன்பது பங்குகூட இவ்வழியில் கிடைத்துவிடுவதுண்டு. ஆனால் சர்க்கரையால் மட்டும் உடல் வளர்வதில்லை. தழைச்சத்தும் மணிச்சத்தும் வேண்டும். அவற்றுக்காக அந்தப் பிராணி இரவில் உணர்கொம்புகளை நீட்டி, நீரில் மிதந்து வரும் நுண்ணுயிர்களைக் கொட்டிப் பிடித்து உண்கிறது. எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்பு மூன்றாவது வழியாக, நீரிலிருந்தே நேராக வருகிறது. இந்த மூன்றையும் பிரித்தறியாமல், வாடிய பவளத்துக்கு இறாலை மேலும் மேலும் போட்டுத் தொட்டியையே நாசமாக்குகிறவர்களைத் தாம் மாதந்தோறும் பார்ப்பதாகத் தம்பி வருந்திச் சொன்னார்.

சுண்ணாம்பை ஈடுசெய்ய அவர் கையாளும் முறை, நம்மவருக்கு மிகவும் பழக்கமான ஒரு பொருளைக் கொண்டது. மூடியுள்ள வாளியொன்றில், குளோரமைன் முதலியவற்றை நீக்கிச் சுத்திகரித்த நீரை நிரப்பி, லிட்டருக்கு ஒன்றரை கிராம் வீதம் தூய சுண்ணாம்புத் தூளைக் கலக்கி, அசையாமல் வைத்துவிடுகிறார். சில மணி நேரத்தில் கசடு அடியில் தங்கி, மேலே பளிங்கு போன்ற தெளிநீர் நிற்கும். காற்றுப் பட்டால் அதன்மேல் மெல்லிய ஏடு படிந்து சத்துக் குறைந்துவிடும் என்பதனால் மூடியைத் திறக்கவிடுவதில்லை. கையில் பட்டால் எரிக்கும் என்பதனால் உறை மாட்டாமல் தொடுவதில்லை. முதியவரின் தொட்டியிலிருந்து நாள்தோறும் ஆவியாகிப் போகும் நீர் மூன்று லிட்டர் அளவு. அதற்கு ஈடாக வெறும் நீரை வார்ப்பதற்குப் பதில் இத்தெளிநீரையே இரவு முழுவதும் சொட்டச் செய்தால், குறைந்த ஒரு பாகையும் கால்சியமும் ஒருசேரத் திரும்பிவிடுகின்றன. இரவில் ஏன் என்று கேட்டேன். விளக்கணைந்தபின் பாசிகள் வேலையை நிறுத்திவிட, எல்லா உயிர்களும் விடும் கரியமில வாயு நீரில் சேர்ந்து அதன் pH எனப்படும் அமில-கார நிலையைத் தாழ்த்துகிறது. சுண்ணாம்பு நீரோ அதை உயர்த்துவது. தாழ்கிற நேரத்தில் உயர்த்துவதைக் கொடுத்தால் இரண்டும் சமனாகின்றன.

இம்முறையை 1970-களில் பவளம் வளர்ப்போரிடையே பரப்பியவர் பீட்டர் வில்கென்ஸ் என்பவர். அதற்கும் முன்பே, 1961-இல், ஜாகர்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர், உயிர்கள் குடியிருக்கும் கடற்பாறையையும் இயற்கையான கடல்நீரையும் காற்றுக்குமிழியையும் கொண்டே பவளங்களை வாழவைக்கலாம் என்று அமெரிக்கச் சஞ்சிகையொன்றில் எழுதியிருந்தார். இக்கலையின் மூலபுருஷர்களில் ஒருவர் இந்தத் தென்கிழக்காசியக் கரையைச் சேர்ந்தவர் என்பது, இன்று இத்தொழிலில் இருப்போர் பலருக்கும் தெரியாத செய்தி.

தெளிநீரை மொள்ளும்போது தம்பி தம் பாட்டனாரைப் பற்றிச் சொன்னார். அக்காலத்தில் மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியிருந்த பவளக்கல்லைக் கடப்பாறையால் பெயர்த்து, வள்ளங்களில் ஏற்றி வந்து, சுண்ணாம்புக் காளவாயில் சுட்டுப் பிழைத்த குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. வீடு கட்டவும் ஆலைகளுக்கும் போன அந்தக் கல், தீவுகளை அலையிலிருந்து காத்து நின்ற அரண். 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவிக்கப்பட்ட இருபத்தொரு தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் நீரில் மூழ்கிப்போயின. கல்லெடுத்தது அதற்கு முக்கியக் காரணம் என்று ஆராய்ச்சியாளர் கூறுகின்றனர். பாட்டனார் பவளத்தைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்; பேரர் சுண்ணாம்பைக் கரைத்துப் பவளமாக்குகிறார். இதைச் சொன்னபோது அவர் முகத்தில் வெட்கமும் இல்லை, பெருமிதமும் இல்லை. குடும்பத் தொழிலைப் பற்றிப் பேசுகிறவரின் நிதானமே இருந்தது.

வளர்ச்சி மிகுந்த தொட்டிகளுக்குத் தெளிநீர் மட்டும் போதாது. அங்கே கால்சியம் உப்பை ஒரு புட்டியிலும் காரவுப்பை வேறொரு புட்டியிலும் கரைத்து வைத்து, குழாயை உருளைகளால் அழுத்தித் துளித்துளியாகத் தள்ளும் சிறு பம்புகளைக் கொண்டு, வெவ்வேறு வேளைகளில் வெவ்வேறிடத்தில் சேர்க்கிறார்கள். இரண்டையும் ஒன்றாக விட்டால் நீர் பாலாகத் திரிந்து, பவளம் உண்ண வேண்டிய சுண்ணாம்பு பம்பின் மீதும் கண்ணாடியின் மீதும் படிந்து வீணாகும். லிட்டருக்கு 1,300 மில்லிகிராம் அளவில் மக்னீசியம் நீரில் இருக்கும் வரையில் இத்தகைய விபத்து எளிதில் நேராது. அது குறைந்தால் மற்ற இரண்டையும் நிலைநிறுத்த முடியாது. ஒரு நாளில் ஒரு பாகைக்கு மேல் ஏற்றவும் கூடாது, இறக்கவும் கூடாது. எட்டிலேயே நிலையாக இருக்கும் தொட்டியில் செழிக்கும் பவளம், ஏழுக்கும் பத்துக்கும் இடையே ஊசலாடும் தொட்டியில் நுனி வெளுத்துச் சாகிறது. கடைகளில் வண்ண வண்ணப் புட்டிகளில் விற்கும் சத்துநீர்களைப் பற்றிக் கேட்டதற்கு, அளந்து பார்க்க முடியாத எதையும் தாம் ஊற்றுவதில்லை என்றும், வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினாலே நுண்சத்துக்கள் பெரும்பாலும் வந்து சேர்ந்துவிடும் என்றும் சொன்னார். என் அபிப்பிராயமும் அதுவே. அறியாததைச் சேர்ப்பது பராமரிப்பு ஆகாது.

விளக்குகள் மங்கத் தொடங்கிய பிறகுதான் நான் காண வந்த காட்சி தொடங்கிற்று. தொட்டியின் ஒரு மூலையில், பாறையின் நிழலில், செம்மஞ்சள் நிறத்தில் மூடிய மொட்டுக்களின் திரள் ஒன்று இருந்தது. அது சூரியப் பவளம். பெயரில் சூரியன் இருந்தாலும் அதன் சதையில் பாசி இல்லை. ஆகவே ஒளி அதற்குச் சோறு போடாது. கையால் ஊட்டினாலன்றி அது பட்டினியாலேயே மாயும். தம்பி நீரோட்டப் பம்புகளை நிறுத்தினார். உறைந்த சிற்றிறாலைத் தொட்டிநீரில் இளக்கி, வலையில் அலசி, முதலில் அதன் வாசனைநீரை மட்டும் நீண்ட குழலால் மொட்டுக்களின்மேல் மெல்லத் தூவினார். கால்மணி நேரம் ஒன்றும் செய்யாமல் காத்திருந்தார். பிறகு ஒவ்வொரு மொட்டாக விரிந்து, மஞ்சள் உணர்கொம்புகள் வட்டமாக வெளியே நீண்டன. குழலின் நுனியில் ஓர் இறாலை நிறுத்தி ஒரு வாயின்மேல் அவர் விட, அரைக்கணத்தில் கொம்புகள் அதைப் பற்றி உள்நோக்கி மடங்கின. நடுவிலிருந்த பிளவு போன்ற வாய் திறந்து, இறாலின் வால் மட்டும் சற்று நேரம் தெரிந்து, அதுவும் மறைந்தது. அடுத்த வாய், அதற்கடுத்த வாய் என்று ஒன்றையும் விடாமல் ஊட்டி வந்தார். இதற்குள் மோப்பம் பிடித்த, தொட்டியில் வாழும் துப்புரவு இறால் ஒன்று பாய்ந்து வந்து ஊட்டிய இரையைப் பிடுங்க முற்படவே, அடிப்பாகம் வெட்டிய பிளாஸ்டிக் புட்டியொன்றைப் பவளத்தின்மேல் கவிழ்த்து, அதன் கழுத்து வழியாகக் குழலை விட்டுப் பணியைத் தொடர்ந்தார். வாரத்தில் இரண்டு மூன்று முறை இப்படி ஊட்ட வேண்டும். அவர் வராத நாட்களில் முதியவரே அதைச் செய்கிறார்.

மிஞ்சிய துணுக்குகளை அவர் உறிஞ்சியெடுத்த சிரத்தை, ஊட்டியபோது இருந்த சிரத்தைக்குக் குறைந்ததன்று. தங்கிப்போன இரை அழுகி நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பெருகினால், பாறையெங்கும் பாசி படர்ந்து பவளத்தை மூடிவிடும். அதற்கஞ்சி அறவே ஊட்டாமலிருந்து நீரைச் சத்தற்றதாக்கினாலும் பவளம் நிறமிழந்து மெலியும். இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதற்கு அளவுகோல் மட்டும் போதாது. பவளத்தின் நிறத்தையும் விரிவையும் நாள்தோறும் பார்த்துப் பழகிய கண் வேண்டும். சம்பளப் பட்டியலில் துப்புரவுப் பணியாளர் என்று பதிவாகக்கூடிய இவரை, நான் தேர்ந்த கைவினைஞர் என்றே மதிக்கிறேன். அவருடைய முதலாளிகளும் அவ்வாறே மதித்து ஊதியம் வழங்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இதைப் படிக்கும் அன்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அருகிவரும் உயிரினங்களைப் பற்றிய பன்னாட்டு வாணிப ஒப்பந்தத்துக்கு உட்பட்ட அனுமதிச் சீட்டோடு சிங்கப்பூரில் நடைபெறும் இவ்வளர்ப்பு, நம் நாட்டில் செய்யத்தக்கதன்று. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், 2001 முதல், கற்பவளங்கள் யாவும் புலியையும் யானையையும் போலவே முதல் அட்டவணையில் இடம்பெற்றிருக்கின்றன. பவளத்தின்மீது உண்மையான அன்புடையவர்கள், தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் 2002 முதல் மன்னார் வளைகுடாவில் பவளத் துண்டுகளை மறுநடவு செய்துவரும் பணியைக் கேட்டறியலாம். உயிருள்ளதாயினும் உலர்ந்ததாயினும், யாரேனும் பவளக்கல்லை விலைக்கு நீட்டினால் வாங்காதீர்கள்; வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.